வாணவேடிக்கை இரவு: வட்டத்துக்கு வெளியே காத்திருக்கும் ஆபத்து

ஆண்டிறுதி நெருங்கினால் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரே பேச்சுதான். “வாணவேடிக்கையை எங்கேயிருந்து பார்க்கலாம்?” ஓராண்டு எஸ்பிளனேட் படிக்கட்டு, ஓராண்டு மரினா அணைக்கட்டின் புல்வெளி, இன்னோர் ஆண்டு தேக்காவில் பிரியாணிப் பொட்டலம் வாங்கிக்கொண்டு நடந்தே போனோம். இந்த முறை மாமா ஒரு விளம்பரத்தைப் பகிர்ந்தார். படகை வாடகைக்கு எடுத்துக் கடலில் இருந்தபடியே பார்க்கலாம் என்றது அது. பெரியவர், சிறியவர் எல்லாரும் சேர்த்துப் பதினான்கு பேர். “கூட்டத்துல இடிபட வேண்டாம். பாட்டி உட்கார்ந்தே பார்க்கலாம்,” என்றார் மாமா.

நியாயமான ஆசைதான். லிட்டில் இந்தியா நிலையத்திலிருந்து பேஃபிரண்ட்டுக்கு டௌன்டவுன் ரயில் பாதையில் நான்கே நிறுத்தங்கள். ஆனால் டிசம்பர் 31ஆம் தேதி இரவு, நள்ளிரவு தாண்டிய பிறகு, கைப்பிள்ளையோடும் முதியவரோடும் அந்த நான்கு நிறுத்தங்களைத் திரும்பக் கடந்தவர்களுக்குத் தெரியும் அதன் சிரமம். படகு என்றதும் மனம் சாய்வதில் வியப்பில்லை.

அந்த விளம்பரத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது: அதிகாரிகளின் கடல் கட்டுப்பாடுகளைப் பொறுத்துப் படகு நிற்கும் இடம் மாறலாம். “காசு கட்டியும் கிட்டப் போக முடியாதா?” என்று அத்தை கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போனபோதுதான், நான் கவலைப்பட வேண்டியது வேறொன்று என்று புரிந்தது. வாணம் வெடிக்கும் இடத்தைச் சுற்றிப் போடப்படும் தடை வட்டத்தில் சிங்கப்பூர் கவனமாகத்தான் இருக்கிறது. உலகில் நடந்த பெரிய துயரங்கள் அந்த வட்டத்துக்குள் நடக்கவில்லை. போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நடந்தன.

தண்ணீர் ஏன் காலியாக இருக்க வேண்டும்?

முதலில் அத்தையின் கேள்விக்கு வருவோம். வாணவேடிக்கைக்குத் தேவைப்படுவது வெடிமருந்தைவிட முக்கியமாக இடைவெளி. வானத்தில் பூவாய் விரியும் ஒவ்வொரு வாணமும் குழாயிலிருந்து மேலே வீசப்படும் ஓர் உருண்டை. அது மேலே வெடிக்காமல் அப்படியே திரும்பி விழலாம். குழாய் சாய்ந்துபோனால் பக்கவாட்டில் பாயலாம். எல்லாம் சரியாக நடந்தாலும் எரிந்த அட்டைத் துண்டுகளும் தணலும் கீழே விழத்தான் செய்யும்.

எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பதற்கு அமெரிக்காவில் பின்பற்றப்படும் தீப்பாதுகாப்பு விதி ஓர் எளிய கணக்கைத் தருகிறது. உருண்டையின் விட்டத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் குறைந்தது 70 அடி. ஆறு அங்குல வாணம் என்றால் 420 அடி, அதாவது ஏறத்தாழ 128 மீட்டர். பன்னிரண்டு அங்குலம் என்றால் ஏறத்தாழ 256 மீட்டர். எல்லாத் திசையிலும் அத்தனை தூரம் ஆளில்லாமல் இருக்க வேண்டும்.

நம் வீவக புளோக்குகளுக்கு நடுவில் அவ்வளவு காலி இடம் எங்கே இருக்கிறது? இந்த இடநெருக்கடியின் விலையை இந்நாடு ஒருமுறை உயிர்களால் கொடுத்திருக்கிறது. 1970ஆம் ஆண்டுச் சீனப் புத்தாண்டின்போது பட்டாசு, வாணவெடிகளால் ஆறு பேர் மாண்டனர். அதன்பின் பகுதித் தடை வந்தது. 1972ல் முழுத் தடை வந்தது. நம் தீபாவளியும் அந்தத் தடைக்கு உட்பட்டதே. 2018ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு முந்திய இரவு, லிட்டில் இந்தியாவின் குளோஸ்டர் சாலையில் அனுமதியின்றி வாணம் வெடிக்கப்பட்ட காணொளி பரவியதும் அந்த விவகாரம் நீதிமன்றம்வரை சென்றதும் பலருக்கு நினைவிருக்கும். இருபுறமும் கடைவீடுகள், நடுவில் ஒரு சாலை. மேற்சொன்ன கணக்கில் அங்கு ஓர் அங்குல வாணத்துக்கே இடம் போதுமா என்பது சந்தேகம்.

நிலத்தில் இல்லாத அந்தக் காலியிடத்தை நகரங்கள் தண்ணீரில் தேடிக்கொண்டன. சிங்கப்பூரும் சிட்னியும் ஹாங்காங்கும் மிதவைகளில் வாணங்களை அடுக்கி நீர்ப்பரப்பின் நடுவிலிருந்து ஏவுவதற்கு இதுவே காரணம். அந்தக் காலியிடத்துக்குள் படகை விட்டால் தண்ணீருக்குப் போனதன் பயனே போய்விடும். படகுப் போக்குவரத்துக்குத் தடை போடுவதன் அடிப்படை இவ்வளவுதான்.

அது வீண் எச்சரிக்கை அல்ல என்பதற்கு ஒரு சான்று உண்டு. 2012ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் தேதி, அமெரிக்காவின் சான் டியேகோ விரிகுடாவில் கால்மணி நேரத்துக்கும் மேலாக நடக்கவேண்டிய வாணவேடிக்கை. கணினியில் முதன்மைக் கோப்பும் மாற்றுக் கோப்பும் ஒன்றுகலந்ததால், ஏறத்தாழ 7,000 வாணங்கள் அரை நிமிடத்துக்குள் மொத்தமாக வெடித்துத் தீர்ந்தன. மிதவைகள் நெருப்புக் கோளங்களாயின. ஆனால் ஒருவருக்கும் காயமில்லை. மிதவைகளுக்கு அருகில் மக்கள் இல்லை, படகுகளும் இல்லை. எந்தக் கணினி எப்போது தவறு செய்யும் என்று யாராலும் சொல்ல முடியாது. தவறு நடக்கும்போது பக்கத்தில் யாரும் இல்லாமல் பார்த்துக்கொள்ள முடியும்.

உள்நீர் ஒன்று, வெளிக்கடல் வேறு

மரினா பேக்கு ஒரு பெரிய வசதி உண்டு. அது இப்போது கடல் அல்ல. 2008ல் திறக்கப்பட்ட, 350 மீட்டர் நீளமுள்ள மரினா அணைக்கட்டு அதைக் கடலிலிருந்து பிரித்து நன்னீர்த் தேக்கமாக்கிவிட்டது. பொதுப் பயனீட்டுக் கழகத்தின் பொறுப்பில் உள்ள நீர்நிலை அது. வெளியிலிருந்து ஒரு விசைப்படகு தன் இஷ்டத்துக்கு உள்ளே வர முடியாது. உள்ளே ஓடுபவை பெரும்பாலும் ஆற்றுச் சுற்றுலாப் படகுகள்தான். எத்தனை படகுகள், யாருடையவை, எங்கே கட்டப்பட்டிருக்கின்றன என்பது முன்கூட்டியே தெரிந்த கணக்கு. அங்கே தடை வட்டம் போடுவதும் காப்பதும் ஒப்பீட்டளவில் எளிது.

அணைக்கட்டுக்கு வெளியே நிலைமை வேறு. உலகின் மிகப் பரபரப்பான துறைமுகங்களில் ஒன்று அங்கே தொடங்குகிறது. எந்த நேரம் எடுத்தாலும் துறைமுக எல்லைக்குள் ஏறக்குறைய ஆயிரம் கலங்கள் இருக்கும் என்பார்கள். சரக்குக் கப்பல், எண்ணெய்க் கப்பல், அவற்றுக்குப் பொருள் கொண்டுசெல்லும் சிறுபடகு, தீவுகளுக்குச் செல்லும் பயணப் படகு, உல்லாசப் படகு எல்லாம் ஒரே நீரில். தேசிய தினம் போன்ற நிகழ்வுகளுக்காகக் கடல்துறை, துறைமுக ஆணையம் எந்தப் பகுதிக்குள் எந்த நேரத்தில் கலங்கள் நுழையக்கூடாது என்று அறிவிப்பு வெளியிடும். ஒத்திகை நாள்களுக்கும் அது பொருந்தும். கடலோரக் காவல் படை சுற்றுக்காவல் செய்யும்.

மாமா காட்டிய படகு நிற்கப் போவது இந்த வெளிக்கடலில்தான். வட்டத்தின் விளிம்புவரை கணக்குத் தெளிவு. விளிம்பிலிருந்து படகுத்துறைவரை, இருட்டில், ஒரே நேரத்தில் புறப்படும் பல படகுகளுக்கு நடுவில் நடக்கும் பயணத்தின் கணக்கு அவ்வளவு தெளிவாக இருப்பதில்லை.

ஹாங்காங் கற்ற பாடம்

2012ஆம் ஆண்டு அக்டோபர் 1. சீனாவின் தேசிய தினம். ஹாங்காங்கின் விக்டோரியா துறைமுகத்தில் இரவு ஒன்பது மணிக்கு வாணவேடிக்கை. லாமா தீவிலிருந்து ஒரு மின்சார நிறுவனம் தன் ஊழியர்களையும் அவர்களின் குடும்பத்தாரையும் ‘லாமா 4’ என்ற படகில் ஏற்றி அதைக் காட்ட அழைத்துச் சென்றது. படகில் 124 பயணிகளும் மூன்று சிப்பந்திகளும் இருந்தனர்.

இரவு 8.20 மணியளவில், தீவை விட்டுப் புறப்பட்ட சற்று நேரத்திலேயே, எதிரே வந்த பயணப் படகு ஒன்று அதன்மீது மோதியது. அது நகரிலிருந்து தீவுக்கு அன்றாடம் வந்துபோகும் படகு. ‘லாமா 4’ சில நிமிடங்களுக்குள் பின்புறம் அமிழ்ந்து மூழ்கியது. 39 பேர் மாண்டனர். அவர்களில் எட்டுப் பேர் குழந்தைகள். வாணவேடிக்கை தொடங்க இன்னும் அரை மணிநேரத்துக்கும் மேல் இருந்தது. துறைமுகத்தில் போடப்பட்டிருந்த தடைக்கும் இந்த மோதலுக்கும் தொடர்பே இல்லை. அது நடந்த இடம் வெகுதூரம் தள்ளி.

2013ல் வெளிவந்த விசாரணை ஆணைய அறிக்கையைப் படித்தால் மனம் கனக்கும். இரண்டு படகிலும் சரியான கண்காணிப்பு இல்லை. ‘லாமா 4’ன் அடித்தளத்தில் இருக்கவேண்டிய நீர்புகாக் கதவு ஒன்று இல்லவே இல்லை. படகு சாய்ந்ததும் மேல்தள இருக்கைகள் தளத்திலிருந்து பெயர்ந்து சரிந்தன. குழந்தைகளுக்கான அளவில் உயிர்காப்பு அங்கிகள் இல்லை. பல ஆண்டுகள் பரிசோதனைகளைக் கடந்து வந்த படகு அது. ஒவ்வொன்றும் சிறிய ஓட்டைதான். ஓர் இரவு எல்லாம் ஒன்றாய்க் கூடின.

அந்த விபத்துக்குப் பிறகு ஹாங்காங் தன் பார்வையை மாற்றிக்கொண்டது. வாணவேடிக்கை பார்க்கச் செல்லும் படகுகளில் குழந்தைகள் பயணம் முழுவதும் உயிர்காப்பு அங்கி அணிந்திருக்க வேண்டும், படகில் உள்ள அனைவரின் பட்டியலும் இருக்க வேண்டும் என்று அதன் கடல்துறை வலியுறுத்தத் தொடங்கியது. எங்கே நிற்கிறாய் என்பதோடு எப்படி வருகிறாய் என்பதையும் கேட்கத் தொடங்கினார்கள்.

கண்ணை ஏமாற்றும் இரவு

வழக்கமான இரவைவிட வாணவேடிக்கை இரவில் படகோட்டுவது கடினம். காரணங்கள் எளிமையானவை.

இருட்டில் எதிரே வரும் படகை அடையாளம் காட்டுவது அதன் விளக்குகள். இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, பின்னால் வெள்ளை. மரினா பே கட்டடங்களை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். விளம்பரப் பலகையிலும் கட்டட உச்சியிலும் எல்லா நிறத்திலும் ஒளி. அந்தப் பின்னணியில் ஒரு சிறுபடகின் பச்சை விளக்கு கரைந்துபோகும். மனிதக் கண் இருட்டுக்கு முழுமையாகப் பழக இருபது முப்பது நிமிடங்கள் ஆகும். வானத்தில் ஒரு வெளிச்சப்பூ விரிந்ததும் அந்தப் பழக்கம் நொடியில் கலைந்துவிடும். அதன்மேல் புகை வேறு. இவை போதாதென்று, படகோட்டியும் மனிதர்தானே? எல்லாரும் அண்ணாந்து பார்க்கும்போது அவர் மட்டும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

பயணிகளாலும் ஆபத்து வரும். 2009ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் தேதி தேக்கடியில் நடந்ததைத் தமிழ்நாட்டு உறவுகள் உள்ள பலர் அறிவார்கள். ‘ஜலகன்னிகை’ என்ற சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். கரையில் தென்பட்ட விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கமாக நகர்ந்ததும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. யானையைப் பார்க்க ஒரு பக்கம் சாயும் கூட்டம், வாணத்தைப் படமெடுக்கவும் அதே பக்கம்தான் சாயும். மேல்தளத்தில், கைப்பேசியை உயர்த்திப் பிடித்தபடி, எல்லாரும் ஒரே திசையில் நிற்பார்கள். படகில் ஏற்றப்படும் ஆள் எண்ணிக்கைக்கு வரம்பு வைப்பது வெறும் எடைக்காக மட்டும் அல்ல.

முடிந்தபின் வரும் நெரிசல்

கரையில் இருப்பவர்களுக்கும் இதே பாடம் உண்டு. 2001ஆம் ஆண்டு ஜூலை 21ஆம் தேதி, ஜப்பானின் அகாஷி நகரக் கடற்கரையில் வாணவேடிக்கை முடிந்தது. ரயில் நிலையத்தையும் கடற்கரையையும் இணைக்கும் நடைபாலத்தில், திரும்புகிற கூட்டமும் எதிரே வருகிற கூட்டமும் முட்டிக்கொண்டன. 11 பேர் மாண்டனர். ஒன்பது பேர் குழந்தைகள். 200க்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். வாணத்தால் ஒருவர்கூடச் சாகவில்லை.

சிங்கப்பூர் கரையில் இதைக் கவனித்துச் செய்கிறது. கூட்டம் எங்கே அடர்த்தியாக இருக்கிறது என்று மரினா பே வரைபடத்தில் காட்டும் இணையத்தளம் ஒன்றைக் காவல்துறை நடத்துகிறது. சாலைகளை மூடுகிறார்கள், கூட்டத்தை ஒரே திசையில் நடக்கவிடுகிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் அந்த இரவில் மரினா பேக்கு வரும் நம் வெளிநாட்டு ஊழியத் தோழர்கள் இதை நன்றாகவே அறிவார்கள். நேராகப் போனால் ஐந்து நிமிடம் என்றிருக்கும் ரயில் நிலையத்துக்கு அரைமணி நேரம் சுற்றவிடுகிறார்களே என்று அலுத்துக்கொள்வதும் உண்டு. அந்தச் சுற்றுவழி, இரண்டு கூட்டங்கள் ஒன்றையொன்று முட்டாமல் இருக்கப் போடப்பட்டது.

கரையில் வந்துவிட்ட அந்தச் சிந்தனை, கடலிலும் அதே அளவுக்கு வர வேண்டும் என்பதே என் கருத்து. வாணவேடிக்கை முடிந்த மறுநிமிடம் எல்லாப் படகும் ஒன்றாகத் துறைக்குத் திரும்பாமல், பகுதி பகுதியாகப் புறப்படச் செய்யலாம். படகுத்துறை வரையிலும் மெதுவேகம் கட்டாயம் என்று வைக்கலாம். நேர அட்டவணைப்படி ஓடும் பயணப் படகுகளின் வழியையும் வேடிக்கை பார்க்க வந்த படகுகளின் வழியையும் பிரித்துவிடலாம். குழந்தைகளுக்கு அங்கி, ஆள் பட்டியல் ஆகிய ஹாங்காங்கின் இரண்டு பாடங்களையும் ஒவ்வொரு வாடகைப் படகும் அன்றிரவு கடைப்பிடிக்கலாம். இவற்றுக்குப் புதிய தொழில்நுட்பம் எதுவும் வேண்டாம்.

கட்டுப்பாட்டின் விலை

மறுபக்கமும் உண்டு. ஆற்றுப் படகுக்காரருக்கும் வாடகைப் படகுக்காரருக்கும் ஆண்டில் நல்ல வருமானம் தரும் இரவுகள் இவை. அதே இரவுகளில்தான் “இங்கே வராதே, இந்நேரம் ஓட்டாதே” என்று தடை வருகிறது. தேசிய தினத்துக்கு ஒத்திகைகளும் சேர்ந்துகொண்டால் பல வாரயிறுதிகள் பாதிக்கப்படும். அவர்களின் முணுமுணுப்பைப் பேராசை என்று தள்ளிவிடக்கூடாது. தடை எங்கே, எத்தனை மணிமுதல் எத்தனை மணிவரை என்பது போதிய நாள்களுக்கு முன்பே, படகோட்டிகளுக்குப் புரியும் மொழியில் சொல்லப்பட வேண்டும். முன்கூட்டியே தெரிந்தால் நேரத்தை மாற்றிக்கொள்வார்கள். கடைசி நேரத்தில் தெரிந்தால், வாங்கிய காசுக்காக விளிம்புவரை நெருங்கிப் பார்க்கும் ஆசை வரும்.

இதைச் சொல்லும்போது ஒரு வரலாறும் நினைவுக்கு வருகிறது. 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் சிங்கப்பூர் ஆற்றில் சரக்குத் தோணிகளை ஓட்டியவர்களில் பெரும்பாலோர் சூலியர் என்று அழைக்கப்பட்ட தென்னிந்தியர்களே. பின்னர் அத்தொழில் சீனர்கள் கைக்குப் போனது. 1983ல் சரக்குப் படகுகளே ஆற்றைவிட்டுப் பாசிர் பாஞ்சாங்கிற்கு மாற்றப்பட்டன. படகுத் தலைவனைத் தமிழில் ‘தண்டல்’ என்பார்கள். தண்டல் சொன்னால் படகில் மறுபேச்சு கிடையாது. இன்று படகு நமக்குத் தொழில் அல்ல, ஒரு நாள் உல்லாசம். காசு கொடுத்தவர் நாம் என்பதால் “அண்ணே, இன்னும் கொஞ்சம் கிட்டப் போங்க” என்று படகோட்டியைக் கேட்கிறோம். அந்த ஒரு வரியைச் சொல்லாமல் இருப்பதும் பாதுகாப்பில் நம் பங்குதான்.

ஏறுமுன் கேளுங்கள்

படகில் போக முடிவு செய்துவிட்டீர்களா? முன்பணம் கட்டுமுன் சிலவற்றைக் கேட்டுவிடுங்கள். படகுக்கும் ஓட்டுபவருக்கும் உரிமம் இருக்கிறதா? உரிமத்தில் உள்ள ஆள் எண்ணிக்கை எவ்வளவு, அன்று ஏற்றப்போவது எத்தனை பேர்? மடியில் உட்காரும் குழந்தையும் ஓர் ஆள்தான். குழந்தைகளின் அளவுக்கு அங்கி இருக்கிறதா? பெரியவர் அங்கி சிறு பிள்ளையின் தலைவழியே கழன்றுவிடும். ஓட்டுபவரைத் தவிரக் கண்காணிக்க இன்னொருவர் இருப்பாரா? திரும்பும்போது அவசரமின்றி வருவார்களா?

படகில் ஏறியதும், அங்கிகள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். பிள்ளைகளுக்குக் கரையிலேயே மாட்டிவிடுங்கள். எல்லாரும் ஒரே பக்கம் போய் நிற்காதீர்கள். இதையெல்லாம் கேட்டால் கஞ்சத்தனம் என்றோ பயந்தாங்கொள்ளி என்றோ யாராவது சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

எங்கள் குழுவில் இதையெல்லாம் எழுதிப் போட்டேன். “பத்திரிகைக்காரி பயமுறுத்துறா” என்று முதலில் கேலி வந்தது. பிறகு மாமாவே அந்தப் படகு நிறுவனத்துக்கு அழைத்து, பதினான்கில் ஐந்து பேர் குழந்தைகள், அவர்களுக்கு ஏற்ற அங்கி இருக்கிறதா என்று கேட்டார். “கேட்டுட்டுச் சொல்றேன் சார்” என்று பதில் வந்ததாம்.

நான்கு நாள் ஆயிற்று. இன்னும் சொல்லவில்லை. பாட்டிக்காக மடக்கு நாற்காலி ஒன்று வாங்கி வைத்திருக்கிறோம். அணைக்கட்டுப் புல்வெளிக்குச் சீக்கிரமே போய்விடலாம் என்று மாமா நேற்றிரவு குழுவில் எழுதியிருந்தார்.